எந்தப் பார்க், சார்?

1987 கோடையில் ஒரு மத்தியானம். பார்க் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா நின்றார். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். சில்லறையை நீட்டுவார் என்று பார்த்தால், “சார், இங்க பார்க் எந்தப் பக்கம்?” என்றார்.

வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. பக்கத்தில் இருக்கிற ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்க வந்திருக்கிறார். ஊருக்குப் போகிற வண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. ஸ்டேஷன் போர்டில் ‘பூங்கா’ என்று இருந்ததைப் படித்துவிட்டு, ஊஞ்சல் இருக்குமா, சறுக்குமரம் இருக்குமா என்று அம்மாவை அரித்து எடுத்திருக்கிறான்.

நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன். “அதோ வெள்ளையா மணிக்கூண்டு தெரியுதே...”

“அது பார்க்கா?”

“இல்லம்மா, அது கார்ப்பரேஷன் ஆபீஸ். அது நிக்கிற இடம்தான் பார்க்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வெயிலில் மண்டை கலங்கிய ஆளிடம் வழி கேட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பார். பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால், பிள்ளைக்குச் சிங்கத்தையே காட்டி அனுப்பியிருப்பேன்.

அந்தக் கவுண்டரில் நான் இருந்த ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மற்ற லட்சக்கணக்கான பேரும் ‘ஒரு பார்க் கொடு’ என்று கேட்டு, அட்டை டிக்கெட்டில் தேதி குத்தி வாங்கிக்கொண்டு போனார்களே தவிர, எந்தப் பார்க் என்று யாரும் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. சைதாப்பேட்டை என்றால் யார் சையத் என்று நான் மட்டும் கேட்டேனா? ஆனால் நான் சூளையில் பிறந்தவன். எங்கள் தெருவிலிருந்து நடந்தால் கால் மணி நேரத்தில் அந்தப் பூங்கா. அதனால் அந்தக் கேள்வி எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

பூங்காவின் முழுப்பெயர் பீப்பிள்ஸ் பார்க். ஜனங்கள் பூங்கா. 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன் அமைத்தது. பரப்பு 116 ஏக்கர். மனை வாங்கி விற்கிற சென்னைவாசிக்குப் புரிகிற கணக்கில் சொன்னால் இரண்டாயிரத்து நூறு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. தேனாம்பேட்டையில் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறந்தபோது என்ன பெரிய பூங்கா என்று ஆச்சரியப்பட்டோம். அது சுமார் 20 ஏக்கர். அதைப் போல் ஐந்தே முக்கால் பங்கு சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மரமும் தண்ணீருமாகக் கிடந்தது.

டிரெவெலியன் எனக்குச் சரியாகப் பிடிபடாத ஆள். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தபோது, லண்டனில் கஜானாச் சாவியை வைத்திருந்த அதிகாரி இவர்தான். நிவாரணத்தில் கையை இறுக்கியவர் என்று அயர்லாந்துக்காரர்கள் இன்றுவரை இவர் பேரைச் சொல்லிச் சபிக்கிறார்கள். அதே மனிதர் மெட்ராஸுக்கு வந்து ஒரு வருஷம் சொச்சம்தான் இருந்தார். அதற்குள் ஏழைபாழைகள் கட்டணமில்லாமல் காற்று வாங்க ஒரு பூங்காவைப் போட்டுவிட்டார். 1857 கலகச் செலவை ஈடுகட்டக் கல்கத்தா அரசு வருமான வரி கொண்டுவந்தபோது, அது கூடாது என்று தான் எழுதிய ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகையில் வெளியிட்டார். 1860-ல் பதவி போனது. வரி வேண்டாம் என்று சொல்லி வேலையை இழந்த கவர்னர் என்றால் ஊருக்குப் பிடிக்காமல் இருக்குமா? அவர் பேரில் ஒரு நீரூற்று கட்டினார்கள். விக்டோரியா பப்ளிக் ஹால் வளாகத்தில் அது இன்னும் இருக்கிறது. நான் பார்த்த நாளெல்லாம் அதில் தண்ணீர் இருந்ததில்லை.

பூங்காவுக்கு அந்த இடம் ஏன் என்று கேட்டால், வால்டாக்ஸ் ரோட்டில் நின்று பார்க்க வேண்டும். இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு அன்று கறுப்பர் நகரம் என்று பெயர். 1906-ல்தான் இளவரசர் ஜார்ஜ் வந்துபோனதை வைத்துப் பெயரை மாற்றினார்கள். அந்த நகரத்தின் மேற்கு மதில் வால்டாக்ஸ் ரோடு ஓரமாக ஓடியது. மதில் கட்டிய செலவுக்கு வரி போடுவதாக இருந்தார்கள், அதுதான் ‘வால் டாக்ஸ்’. கடைசிவரை அந்த வரியை வசூலிக்கவே இல்லை. வரியும் இல்லை, மதிலும் இல்லை, பெயர் மட்டும் தெருவில் கிடக்கிறது. மதிலுக்கு உள்ளே வீட்டுக்கு வீடு ஒட்டி, சந்துக்குச் சந்து சாக்கடையாக லட்சக்கணக்கான ஜனங்கள். காலரா வந்தால் தெருத் தெருவாகக் காலி. மதிலைத் தாண்டி மேற்கே வேப்பேரி வரைக்கும் வெட்டவெளி. இங்கிலாந்தில் தொழில் நகரங்களில் இதே நெரிசலுக்கு மருந்தாக ஊர்ப்பணத்தில் பூங்கா போடும் பழக்கம் தொடங்கியிருந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் பூங்காவைத் திறந்தது 1847-ல். அந்த யோசனை பன்னிரண்டு வருஷத்தில் கப்பலேறிச் சூளைக்குப் பக்கத்தில் இறங்கியது.

அந்தப் பூங்காவில் என்னென்ன இருந்தது? பதினொரு குளங்கள். ஐந்தரை மைல் சாலை, அதாவது கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர், குதிரை வண்டி போகிற அகலத்தில். பேண்டு வாசிக்க ஒரு மேடை. ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு திடல். இரண்டு டென்னிஸ் மைதானம். பொதுக் குளியலறை ஒன்று. இந்தப் பட்டியலில் என் கண் நிற்பது குளங்களிடமும் குளியலறையிடமும்தான். டென்னிஸ் துரைமார்களுக்கு. பேண்டு, சாரட்டில் வந்து இறங்குகிற சீமாட்டிகளுக்கு. வீட்டில் கிணறில்லாத ஆளுக்குக் குளிக்க ஒரு இடம் என்று நினைத்தது யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் ஜனங்களை இழுத்துவந்தது குளமோ பேண்டோ இல்லை. மிருகங்கள்.

எழும்பூர் மியூசியத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர், 1855-ல் மியூசியத் தோட்டத்திலேயே மிருகங்களை வைத்துக் காட்டத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த மிருகங்களையும் வாங்கிச் சேர்த்தார். ஒரே வருஷத்தில் முந்நூறுக்கு மேல் பெருகிவிட்டன. சமாளிக்க முடியவில்லை. 1863-ல் நகரசபை அவற்றை ஏற்றுக்கொண்டு பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு மூலைக்குக் கொண்டுவந்தது. கட்டணம் கிடையாது.

மெட்ராஸ் ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் ‘உயிர் காலேஜ்’. பாடம் பண்ணி வைத்த மிருகங்கள் எழும்பூர் மியூசியத்தில் இருந்ததால் அது ‘செத்த காலேஜ்’. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வைத்த பெயர்கள் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இவ்வளவு கச்சிதமாகப் படித்தவர்களுக்கு வராது. உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம் என்று பலகையில் எழுதிவைத்தோம். எங்கள் ஆயா கடைசிவரை உயிர் காலேஜ் என்றுதான் சொன்னாள்.

காணும் பொங்கலன்று எங்கள் வீட்டில் இரண்டு காலேஜும் உண்டு. காலையில் உயிர், மத்தியானம் செத்தது. தூக்குவாளியில் புளிச்சோறு, மந்தார இலையில் கட்டின உருளைக்கிழங்கு வறுவல். செங்கல்பட்டு, பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்து ஜனமெல்லாம் ரயிலில் வந்து இறங்கியிருக்கும். கரும்புச் சக்கையில் கால் வைக்காமல் நடக்க முடியாது. கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவதும், மைக்கில் அழுகைச் சத்தத்தோடு பெயர் சொல்வதும் வழக்கம். ஒரு தடவை நானும் அந்த மைக்குக்குப் போயிருக்கிறேன். குரங்குக் கூண்டுக்கு எதிரே நின்றவன், ஆயாவின் புடவை என்று வேறு யாருடைய புடவையையோ பிடித்துக்கொண்டு ஒட்டகம்வரை போய்விட்டேன்.

ராத்திரியில் ஊர் அடங்கியபிறகு சிங்கத்தின் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். உறுமல் என்று சொல்ல முடியாது. நெஞ்சுச் சளியோடு ஒரு கிழவர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நாங்கள் பிள்ளைகள் யாரும் பயந்ததில்லை. சென்ட்ரலில் எஞ்சின் ஊதுகிற மாதிரி அதுவும் ஒரு சத்தம்.

அந்தச் சிங்கங்கள் புதுசு என்பாள் ஆயா. பழைய சிங்கங்களைச் சுட்டுவிட்டார்கள். 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான், மறுநாளே விசாகப்பட்டினத்தில் போட்டான். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. ஹைகோர்ட்டையே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்து புலியும் சிங்கமும் தெருவுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, மலபார் சிறப்புப் போலீஸை வரவழைத்துக் கொடிய மிருகங்களை எல்லாம் சுட்டுக் கொன்றார்கள். மெட்ராஸில் அந்தச் சமயம் குண்டு விழவே இல்லை. ஊரைவிட்டுப் போக வழியில்லாத குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. “வெடிச் சத்தம் கேட்டுதுடா, ஜப்பான்காரன் வந்துட்டான்னு உங்க அப்பன இழுத்துக்கினு கட்டிலுக்கு அடியில பூந்துக்கினேன்” என்று ஆயா சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்தபிறகு, “பாவம், கூண்டுக்குள்ள இருந்ததுங்கள” என்பாள்.

பூங்காவில் அதைவிடப் பெரிய சாவு ஒன்று நடந்திருக்கிறது. வருஷக் கடைசியில் அங்கே ஒரு பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று பந்தலில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ஊருக்கு அவ்வளவு பெரிய துக்கம் நடந்த இடத்தில் ஒரு கல்கூட என் கண்ணில் பட்டதில்லை.

அதே 1886-லிருந்துதான் பூங்கா தேயத் தொடங்கியது என்று எண்ணுகிறேன். இதற்குத் தீ காரணமில்லை, நல்ல எண்ணம்தான் காரணம். நகரத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று பிரமுகர்கள் பணம் திரட்டினார்கள். அந்த ஏப்ரலில் நகரசபை பூங்காவிலிருந்து 57 கிரவுண்டை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. ராபர்ட் சிஸம் வரைந்த படம், நம்பெருமாள் செட்டி கட்டின கட்டடம், விக்டோரியா ராணியின் பெயர். அந்த ஹாலை யாராவது வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது அங்கே. 1896 டிசம்பரில் ஸ்டீவன்சன் என்ற போட்டோ ஸ்டோர்காரர் மெட்ராஸ் ஜனத்துக்கு முதன்முதலாகச் சலனப்படம் காட்டியது அங்கே. அடுத்த வருஷம் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். 116 ஏக்கரில் மூன்று ஏக்கர் போனால் என்ன என்று அன்று நான் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

அடுத்து சந்தை. பிராட்வேயில் பாப்பம்ஸ் மார்க்கெட் நாறிக் கிடந்தது. அதற்குப் பதில் சுத்தமான சந்தை கட்ட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். நகரசபைத் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-ல் பூங்கா மண்ணிலேயே கல் நாட்டினார். 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தது. அதற்கப்புறம் நகரசபைக்கே வீடு வேண்டியிருந்தது. 1909-ல் மின்டோ பிரபு அடிக்கல் வைத்தார். ஹாரிஸ் என்பவர் வடிவமைக்க, லோகநாத முதலியார் ஏழரை லட்சம் ரூபாயில் கட்டி முடித்தார். 1913 நவம்பர் 26-ல் ரிப்பன் பில்டிங் திறந்தார்கள். பக்கத்தில் எல்லாம் சிவப்பு, இது மட்டும் வெள்ளை. 132 அடி மணிக்கூண்டு. பூங்காவைக் காக்க வேண்டிய வீட்டுக்காரரே தோட்டத்துக்குள் மாடி கட்டிக் குடிவந்துவிட்டார். அதன்பிறகு மிச்சத்தை யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் எப்படி வரும்?

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூங்காவை விழுங்கியவற்றைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவை இல்லையென்றால் நான் இல்லை.

மூர் மார்க்கெட்டில்தான் நான் படித்தேன். சம்பளம் வாங்கிய நாளில் ரயில்வே கேன்டீனில் டீ குடித்துவிட்டு நேராக அங்கே போவேன். நாற்சதுரமாகக் கட்டடம், உள்ளே முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். ஒரு பக்கம் கிளியும் புறாவும் வெள்ளெலியும். இன்னொரு பக்கம் கிராமபோன் தட்டு. பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, பித்தளை விளக்கு, ராணுவத்துக் கம்பளி. இடையில் பழைய புத்தகக் கடைகள். பேரம் பேசத் தெரியாதவன் அங்கே போகக் கூடாது. கடைக்காரர் முகத்தைப் பார்த்தே விலை சொல்வார். நாம் தேடும் புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பதை எடுத்து விலை கேட்டு, வேண்டாம் என்று வைத்து, போகிற போக்கில் ‘சரி, இதைப் போட்டுத் தாங்க’ என்று சொல்ல வேண்டும். கடைக்காரர்களுக்கும் இந்தத் தந்திரம் தெரியும். தெரிந்தும் விளையாடுவார்கள். இந்தப் பூங்காவின் கதையே அங்கே வாங்கின முன்னட்டை இல்லாத ஒரு பழைய நகர வழிகாட்டியில்தான் முதலில் என் கண்ணில் பட்டது. ஒன்றேகால் ரூபாய். பூங்காவைத் தின்ற இடத்திலேயே பூங்காவைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஸ்டேடியமும் அப்படித்தான். பூங்காவின் விளையாட்டுத் திடல் இருந்த பக்கம் கார்ப்பரேஷன் ஸ்டேடியமாகி, பிறகு நேரு ஸ்டேடியம் ஆனது. 1956 ஜனவரியில் நியூசிலாந்தோடு டெஸ்ட் மேட்ச். வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 2008 வரைக்கும், ஐம்பத்திரண்டு வருஷம் நின்றது. எங்கள் மாமா அன்று வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு உள்ளே இருந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கைதட்டல் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா சாகும்வரை அந்த 413-ஐப் பற்றி என்னிடம் சொன்னதில் ஒரு வரி மாறாது: “காலையில பூந்தவங்க வெளிய வரவே இல்லடா.” 1965-க்குப் பிறகு டெஸ்ட் மேட்ச் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1993-ல் ஸ்டேடியத்தைப் பழைய தடமே தெரியாமல் புதிதாகக் கட்டினார்கள். கைதட்டலை எண்ணிய அந்த மரம் எங்கே நின்றது என்று இப்போது என்னால் காட்ட முடியாது.

எல்லாம் ஒன்றாக முடிந்தது 1985-ல். மே 30 ராத்திரி மூர் மார்க்கெட் எரிந்தது. எப்படி எரிந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் பார்த்தது மறுநாள் காலை. ஈரச்சாம்பல் வாடை பெரியமேடு தாண்டி வந்தது. புத்தகம் எரிந்தால் முழுதாக எரிவதில்லை. ஓரம் மட்டும் கருகி நடுப்பக்கம் வெள்ளையாக நிற்கும். கடைக்காரர் ஒருவர் அப்படி ஒரு அடுக்கின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “இன்னா சார், வெல கேக்க மாட்டியா?” என்றார்.

ஜூலை 24-ல் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். 1976-ல் ஒதுக்கிய 1,265 ஏக்கர் காட்டு நிலம், 1979-ல் தொடங்கிய வேலை. ரயில் சத்தத்துக்கும் பஸ் புகைக்கும் நடுவில் சின்னக் கூண்டுகளில் கிடந்த மிருகங்களுக்கு அது விடுதலைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் ஆயா, வண்டலூருக்கு ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டியபோது, “அதுங்க சௌரியமா கீது. நமக்குத்தான் நடக்க முடியல” என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சூளையில் ராத்திரி எஞ்சின் சத்தம் மட்டும்தான். விக்டோரியா ஹாலின் 99 வருஷக் குத்தகை முடிந்ததும் அதே 1985-ல். அந்த ஒரு வருஷம் சந்தை போனது, சிங்கம் போனது, குத்தகையும் போனது. மார்க்கெட் நின்ற இடத்தில் புறநகர் ரயிலுக்கான கட்டடம் வந்தது. அதற்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர். வாசலில் பழைய மார்க்கெட்டின் சிறு உருவம் ஒன்றை வைத்தார்கள், பொம்மை வீடு மாதிரி.

ஓய்வு பெற்றபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்தப் பூங்காவை முழுசாக நடந்து பார்ப்பது என்று கிளம்பினேன். முட்டி வலிக்கு டாக்டரும் நடக்கச் சொல்லியிருந்தார். சென்ட்ரலிலிருந்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ், அங்கிருந்து விக்டோரியா ஹால், ரிப்பன் பில்டிங், ராஜா முத்தையா சாலை வழியாக ஸ்டேடியத்தைச் சுற்றி, கண்ணப்பர் திடல், சைடன்ஹாம்ஸ் ரோடு. நடந்து முடித்ததும் தெரிந்த ஒரு விஷயம்: நடுவில் எங்குமே உட்கார இடமில்லை. 116 ஏக்கர் பூங்காவை ஒரு வட்டம் வந்தேன், ஒரு பெஞ்சு கிடைக்கவில்லை. கடைசியில் மை லேடீஸ் பார்க்கில்தான் உட்கார்ந்தேன். பீப்பிள்ஸ் பார்க்கில் பூங்காவாகவே தப்பிப் பிழைத்த துண்டு அது ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்தில் மலர்க் கண்காட்சி நடந்த இடம். பக்கத்தில் கார்ப்பரேஷன் நீச்சல் குளம். 1859-ன் பொதுக் குளியலறைக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாரிசு என்று அதை நினைத்துக்கொண்டேன். பெரியமேட்டுத் தோல் மண்டி ஆட்கள் இரண்டு பேர் பெஞ்சில் படுத்திருந்தார்கள். ஒரு பையன் ஊஞ்சலில் நின்றபடி ஆடிக்கொண்டிருந்தான். 1987-ல் அந்த அம்மாவுக்கு இந்த இடத்தைச் சொல்லத் தோன்றாமல் போனதே என்று அன்று ரொம்ப நேரம் மனசு கேட்கவில்லை. பத்து நிமிஷ நடை. எனக்குத் தெரியாத இடமா? சரித்திரம் சொல்ல ஆசைப்பட்டேன், அதனால் ஊஞ்சல் மறந்துபோயிற்று.

பூங்கா போனாலும் பெயர் லேசில் போகவில்லை. பார்க் ஸ்டேஷன் இருக்கிறது. எதிரே பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன் ஸ்டேஷன். சென்னை-600003 என்று எழுதினால் பார்க் டவுன் தபால் நிலையம். பூங்கா நகர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதியே இருந்தது. 2006 தேர்தலோடு மறுவரையறையில் அது போயிற்று. இந்தப் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அல்லிக்குளம். மூர் மார்க்கெட் கடைக்காரர்களுக்காகக் கட்டின காம்ப்ளெக்ஸுக்கு அந்தப் பெயர். பதினொரு குளங்களில் ஒன்று அது. அல்லி பூத்த குளத்தைத் தூர்த்து, கடைகட்டி, குளத்தின் பெயரையே கடைக்கு வைத்துவிட்டோம். பேருக்காவது நன்றி காட்டினோமே.

தீயில் தப்பிய பழைய புத்தகக் கடைகள் சில அங்கேதான் ஒதுங்கின. இப்போது இன்ஜினீயரிங் கைடும் நீட் கைடும்தான் அதிகம். ஆனாலும் மாதம் ஒரு தடவை போவேன். சில வருஷம் முன்னால் ஒரு ஐப்பசி, நல்ல மழை. போய்ப் பார்த்தால் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழ் அடுக்குப் புத்தகங்களை எடுத்துச் செங்கல்மேல் வைத்துக்கொண்டிருக்கிறார். தரையெல்லாம் ஓதம். நானும் கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

“எவ்ளோ சிமெண்ட் பூசினாலும் இங்கதான் சார் தண்ணி ஊறுது. இன்னா காரணம்னே தெரியல.”

“அல்லிக்குளம்தானேப்பா” என்றேன்.

“ஆமா சார், அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ்தான்” என்று முகவரியைச் சரிபார்த்தவர் மாதிரி தலையாட்டிவிட்டு, அடுத்த கட்டுக்குக் கையை நீட்டினார்.